சப்பை என்ற சொல்

1926 மார்ச் 3
மாலையில் வெள்ளைக்காரச் சின்னத்துரைக்குத் தமிழ்ப் பாடம். பரீட்சையில் தேறினால்தான் அவருக்குப் பதவி உயரும். அந்தப் புண்ணியத்தில் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளி வாத்தியாரான எனக்கும் பங்களாவில் ஒரு நாற்காலி. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் காதில் விழுந்ததாம் — ‘சப்பை’ என்றால் என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். உப்பில்லாத கஞ்சி வாயில் ‘சப்’பென்று இருக்கும், அந்தச் சப்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், பிறகு மனிதர்மேலும் ஒட்டிக்கொண்டது என்றேன். மனிதர் எப்படிச் சப்பையாவார்? அவருக்குப் பிடிபடவில்லை. “நம் சன்னாசி மாதிரி” என்றேன். பால்மரம் வெட்டுகிறவன், அதிர்ந்து பேசமாட்டான். துரை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 4
விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, “சப்பை சன்னாசி” என்றார் துரை. வரிசை முழுக்கச் சிரிப்பு. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போன நான் அங்கேதான் நின்றேன். அவன் தலையைக் குனிந்தபடி வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

மார்ச் 9
லயத்துப் பொடிசுகள்வரை சப்பை, சப்பை.

மார்ச் 14
மாயாண்டி கங்காணி மகள் பாப்பாவுக்கும் சன்னாசிக்கும் பேசிவைத்த சம்பந்தம் ஆட்டம் கண்டுவிட்டது. ஊர் சிரிக்கிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்கிறாராம் கங்காணி. சன்னாசி பள்ளிக்கு வந்தான்.
“யாரோ வேணும்னே தொரைக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க வாத்தியாரே. ஒங்க பேச்சுன்னா கங்காணி கேப்பாரு. ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”
சரி என்றேன். என் மூஞ்சியை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மார்ச் 15
போகவில்லை. சீ, நானெல்லாம் ஒரு வாத்தியாரா?

மார்ச் 17
போனேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — சொல்லும் என்னுடையது, ஆளைக் காட்டியதும் நான், துரையைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னேன், பையன் தங்கம் என்று. மாயாண்டி வெற்றிலையை மென்றபடி கேட்டார்.
“வெள்ளக்காரன், தமிழ் தெரியாம ஒளறிட்டான்னு பாதி மனசு இருந்துச்சு. நீங்களே சொன்னதா வாத்தியாரே? அப்ப சரியாத்தான் இருக்கும்லா.”
இல்லை இல்லை என்று கெஞ்சினேன். இரக்கப்பட்டுப் பேசுவதாக நினைத்துக்கொண்டார். என்ன காரியம் செய்துவிட்டேன்?

மார்ச் 21
பாப்பாவைத் தைப்பிங் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் சன்னாசி பள்ளிக்கு வந்தான்.
“எனக்காக ரொம்ப நேரம் கெஞ்சுனீங்களாம். கங்காணி அதுக்குமேல ஒண்ணும் சொல்லல. நீங்க ஒருத்தராவது எம்பக்கம் நின்னீங்களே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.
கையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் கரும்பலகையை அழிக்கப் போனேன்.