உன்ற வரிசை லீக்ஸ்

யுவஸ்ரீ,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. சாப்பிட்டுப்போட்டு சட்னியை ஃப்ரிட்ஜுல வெச்சிரு. எனக்கு இன்னைக்கும் ஷிஃப்ட், வர ஏழு மணி ஆகும்.

பதினோரு மணிக்கு ஓனரம்மா ஒரு பொண்ணைக் கூட்டிட்டு உன்ற ரூமைப் பாக்க வாராங்க. "தங்கச்சி பெங்களூருக்கு வேலைக்குப் போகுதாமே"ன்னு காலைல அவங்க கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்குது. ஐப்பசியிலயே வேலை கெடச்சிருச்சாமா.

ஐப்பசியிலதான நாம இந்த லீக்ஸ், தடி வெங்காயத்தாளாட்டம் வருமே, அந்த நாத்து நட்டோம்? "பிடுங்க அஞ்சு மாசம் ஆகும், அதுவரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்குவோமா"ன்னு உன்னைக் கேட்டுட்டுத்தான் குழி எடுத்தேன். "நான் எங்க போகப்போறேன் அக்கா"ன்னு சொன்னே. அப்புறமும் சனிக்கிழமை தவறாம என்ற பக்கத்துல உக்காந்து, தண்டு வெள்ளையா வரோணும்னு மண்ணு அணைச்சியே. எப்படி அம்மணி மனசு வந்துச்சு?

இன்னைக்கும் சனிக்கிழமை. என்ற வரிசைக்கு மட்டும் மண்ணு அணைச்சுப்போட்டேன். உன்ற வரிசையைத் தொடலை.

அக்கா

பி.கு: சாவி ஷூ ரேக்குல. ஓனரம்மாவுக்கு டீ போட்டுக் குடு, சர்க்கரை வேண்டாம்.

இன்னொண்ணு. வர்ற பொண்ணு பாத்தியைப் பாத்து ஆசைப்பட்டா, பிடுங்கற வரைக்கும் இருப்பியான்னு கேளு. இருப்பேன்னுதான் சொல்லும். உன்ற அக்கா மாதிரி உடனே நம்பிப்போடாதே.