காட்டுக்குள் சூடை மீன்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளித்தேன். நேற்றுக் காட்டில் கத்திய கத்தலில் குரல் அடைத்துவிட்டது. பிறகு பல்கனிக் கதவைத் திறந்தேன். கம்பியில் காயப் போட்டிருந்த உங்கள் செம்மஞ்சள் சட்டையிலிருந்து ஈர இலையும் சேறும் கலந்த மணம் வந்தது. அதற்கு அடியில், மிக மெல்லியதாக, நீங்கள் கழுத்தில் பூசும் தைலம். நேற்று அதை உடுத்தியது நானில்லை.

உடம்பெல்லாம் நோகிறது. கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமையும் விடிய முன் எழும்பி, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே காட்டுக்குப் போக எனக்கென்ன விசரா என்று நேற்று வழி முழுக்க யோசித்தேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது அப்படி யோசித்ததில்லை. காருக்குள் உங்கள் வாய் ஓயாது. யோசிக்க எங்கே இடம்?

முதல் வருடம் நினைவிருக்கிறதா? வயல்களைப் பன்றிகள் கிளறுகின்றன, வேட்டைக்கு ஆள் வேண்டும் என்று ஜெர்மன் வன அதிகாரி எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து கேட்டார். நீங்கள்தான் முதலில் கையை உயர்த்தினீர்கள். "பண்டி எண்டா எங்களுக்கென்ன புதுசோ? வாடி பெட்டை, போவம்." முப்பது தாண்டிய என்னைப் பெட்டை என்று கூப்பிட உங்களால்தான் முடியும்.

சுடுவதற்குத் துவக்கு வைத்திருப்பவர்கள் மரப்பரண்களில் இருப்பார்கள். நாங்கள் ஒரே வரிசையில், தூரத்திலும் கண்ணில் படும் செம்மஞ்சள் சட்டையோடு, தடியால் மரங்களைத் தட்டிக் கத்திக்கொண்டு பற்றைக்குள் நடந்து பன்றிகளைக் கலைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நீங்கள் கத்தவில்லை. நானும் கத்தவில்லை. இரண்டு பேரும் சருகு நொறுங்காமல் கால் வைத்து நடந்தோம். அதிகாரி முழு வரிசையையும் நிறுத்திவிட்டு முகம் சிவக்க ஓடி வந்தார். "உங்களுக்குக் குரல் இல்லையா? சத்தமில்லாமல் அசைகிற எதையும் அவர்கள் பன்றி என்றுதான் நினைப்பார்கள்!"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "இவருக்கு எப்பிடியடி விளங்கப்படுத்துறது? காட்டுக்குள்ள இருமல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு நடந்த ஆக்கள் நாங்கள்."

சண்டைக் காலத்தில் என் வாயிலும் அம்மாவின் உள்ளங்கை இருந்த இரவுகள் உண்டு. அதையெல்லாம் டொய்ச் மொழியில் சொல்ல அன்று என்னாலும் ஏலவில்லை.

நீங்கள் மூச்சை இழுத்து, கண்ணை மூடி, கூவினீர்கள். "சூடை... பாரை... விளைமீனேய்!" மன்னாரில் சைக்கிளில் மீன் விற்ற உங்கள் ஐயாவின் கூவல். அதிகாரி ஏதோ வேட்டை மந்திரம் என்று நினைத்தாரோ என்னவோ, பயபக்தியாகத் தலையாட்டினார். அன்று மத்தியானம், பட்டாணி சூப்புக்கு உங்கள் கைப்பையிலிருந்த மிளகாய்த்தூளைக் கொட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "பண்டிக்கு மீன் வித்த முதல் ஆள் நான்தான்."

அடுத்த வருடம் எங்கள் பங்குத் தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டீர்கள். பதினெட்டு முடிந்தவர்கள் மட்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆளுக்கொரு மீன் என்பது உங்கள் ஏற்பாடு. ஒருவன் நெத்தலி, ஒருத்தி பாரை. அவரவர் தன் மீனைத்தான் கத்த வேண்டும். வலது அந்தத்தில் நீங்கள், இடது அந்தத்தில் நான். பற்றைக்குள் ஆளைக் கண்ணால் காண முடியாது. ஆனால் உங்கள் காது விடாது. "எங்கையடா நெத்தலி? நெத்தலியைக் காணேல்லை!" என்பீர்கள். அவன் பதில் தரும்வரை வரிசை நகராது. பரணில் இருந்த ஒருவர் அதைப் பற்றி முறைப்பட்டபோதும் நீங்கள் அசையவில்லை. "வேட்டை நிண்டா நிக்கட்டும். என்ர பிள்ளை எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியோணும்."

நேற்று உங்கள் இடத்தில் அதிகாரி தன் ஆள் ஒருவரை விட்டிருந்தார். நன்றாகக் கத்தினார். ஆனால் அவருக்கு மீன் தெரியாது. ஐந்து குரலையும் நான் ஒருத்தியே கேட்க வேண்டியிருந்தது.

அபிஷாவுக்கு இது முதல் தடவை. பத்தொன்பது வயது. தாதிப் படிப்பில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். கணவாயைத் தெரிந்தெடுத்தாள். "கணவாய் மீனே இல்லை, லூசு," என்று நெத்தலி சீண்டினான். "நீ மட்டும் என்ன திமிங்கிலமோ?" என்று திருப்பிக் கொடுத்தாள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

இளம் ஊசிமரங்கள் அடர்ந்த இடத்தில், கிட்டவாக ஒரு வெடி கேட்டது. பிறகு நெத்தலி கேட்டது. பாரை கேட்டது. மற்ற இரண்டும் கேட்டன. கணவாய் இல்லை.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அதிகாரி தொலைபேசியில் பரண்களுக்குச் சொல்லிச் சுடுவதை நிறுத்தினார். "கணவாய்! கணவாய்!" என்று கத்தினேன். முட்பற்றையின் அப்பாலிருந்து, எங்கள் வரிசைக்கு வெகு முன்னால், பரண்களின் பக்கத்திலிருந்து ஒரு நூல் போல வந்தது குரல்.

"அன்ரி, இஞ்ச."

குந்தியிருந்தாள். முள்ளில் மாட்டிய செம்மஞ்சள் சட்டையைக் கழற்றி எடுக்கப் பார்த்திருக்கிறாள். அது பின்னால் பற்றையில் கிழிந்து தொங்கியது. இவள் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு, வெடி எந்தப் பக்கமென்று தெரியாமல், சத்தமில்லாமல் முன்னுக்குத் தவழ்ந்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை கத்தேல்லை?"

"வெடி கேட்ட உடன அம்மா சொன்னது ஞாபகம் வந்திட்டுது அன்ரி."

"அம்மா என்ன சொன்னவ?"

"காட்டுக்குள்ள சத்தம் போடாமப் போ. வெடி கேட்டா பதுங்கிக்கொண்டு விலகிப் போ எண்டு."

உங்கள் சட்டை என் தோள்பையில் இருந்தது. ஏன் கொண்டு போனேன் என்று தெரியாது. அதை அவளுக்கு உடுத்திவிட்டு, என் பக்கத்திலேயே நடக்கச் சொன்னேன். பிற்பாடு அவள் கத்தினாள்.

பின்னேரம் அவளை வீட்டில் இறக்கினேன். வாசலில் தாய். வன்னிக் காட்டால் கைக்குழந்தையோடு நடந்து வந்தவர் என்று உங்களுக்கும் தெரியும். "பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே அக்கா? சத்தம் போடாம நடந்தவளோ?"

அபிஷா என்னைப் பார்த்தாள்.

"ஓம், நல்லா நடந்தவ," என்றேன். நீங்கள் என்றால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அவவின் குசினிக்குள் போயிருப்பீர்கள். அவ அழுது, பிறகு சிரிக்கும்வரை எழும்பியிருக்க மாட்டீர்கள். எனக்கு அது கைவராது. எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த வருடமும் வருவீர்களா என்று அதிகாரி கேட்டு அனுப்பியிருக்கிறார். போகும் வழியிலேயே யோசித்து வைத்த பதில் இருந்தது: இதுவே கடைசி. இப்போதும் முழங்கால் அதையேதான் சொல்கிறது.

ஆனால் சட்டை காய்ந்துவிட்டது. அதைத் தோய்க்காமல் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை அபிஷாவின் தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். நேற்று நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, வருகிற வருடம் வலது அந்தத்தில் நிற்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அவ நின்றால் நானும் இடது அந்தத்தில் இன்னும் ஒரு தரம் நிற்பேன். இதை அபிஷாவுக்கும் சொல்லவில்லை, அதிகாரிக்கும் சொல்லவில்லை.

அவவுக்கு என்ன மீன் பொருந்தும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.