மோட்டார் இல்லாத பெட்டி

அன்பு நைனா,

மன்னித்துக்கொள். உனக்குப் படிக்க வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் இப்போது பக்கம் நிரப்புகிறாளே என்று சிரிக்காதே.

திருப்பதியில் அதே கம்பெனி, அதே மேசை. "இன்னிக்கி இன்னா செஞ்சே கண்ணு?" என்று போனில் கேட்பாய். "டெஸ்டிங் நைனா" என்பதோடு முடித்துவிடுவேன். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

கரும்புக் கொல்லையில் மடை சரியாகத் திறக்காவிட்டால் தண்ணீர் எதிர்த்து நிற்குமே, ரேடியோ அலைக்கான மின்சாரமும் அப்படித்தான். போகிற இடத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அனுப்பிய கருவிக்கே திரும்பி வந்து அதைச் சுட வைக்கும். ஒத்துப்போக வைப்பது காயிலும் கெப்பாசிட்டரும். அவை இருக்கும் பெட்டியைத்தான் நான் சோதிக்கிறேன். பழைய பெட்டியில் ஒரு சின்ன மோட்டார் கெப்பாசிட்டரைத் திருகும். அது திருகி முடிப்பதற்குள் மின்சாரம் போகிற இடத்தின் நிலை மாறிவிடும்.

புதுப் பெட்டியில் மோட்டாரே கிடையாது. காயிலின் நடுத்தண்டில் இன்னொரு கம்பிச் சுற்று; அதில் ஓடும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், காயிலின் குணமே மாறுகிறது. கெப்பாசிட்டரை வோல்டேஜ் மாற்றுகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் அசையாது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, நைனா.

இந்தப் பெட்டியைச் சோதிக்கும் அறை முழுக்கத் தகரம். உள்ளே போன் எடுக்காது. திங்கட்கிழமை அதற்குள்தான் இருந்தேன். வெளியே வந்ததும் அம்மா கூப்பிட்டாள்.

"மாமா அவரு மவனுக்கு உன்னப் பேசிப் பாக்கு வெத்தல மாத்திட்டாருடி. நைனா தவறி வருஷம் திரும்பறதுக்குள்ள கல்யாணம் ஆவணும். இல்லாட்டி மூணு வருஷம் தள்ளிப் பூடுமாம்."

"என்னக் கேக்கலியே?"

"எத்தினி வாட்டி போன் பண்றது? போனு கூட எட்டாத ரூம்ல இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?"

மாமா மகன் கெட்டவன் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிற பெண் வேண்டாமாம். "ரெண்டு கறவ மாடு கீது, அத்த யாரு பாப்பாங்க?" என்றாராம் மாமா. மாட்டையாவது யாராவது கேட்டார்களா?

அதே வாரம் எங்கள் சார், புதுப் பெட்டிக்காகப் பெங்களூர் போகும் குழுவில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார். "ஏம்மா, வஸ்தாவா லேதா? வர்றியா இல்லியான்னு வெள்ளிக்கிழமை சொல்லிடணும்" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவும் பாவம்தான். போனை வைக்கும்முன் அழுதாள். "உங்க நைனா ஒரு நாளாவது கனவுல வந்து இன்னா பண்றதுன்னு சொல்றாரா பாரு" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை, அந்த அறைக்குள் போகும்முன், அம்மாவை நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். பெங்களூர் போகிறேன் என்று சொல்வேன்.

அதற்குமுன் ஒன்று. எப்படிக் கேட்பது என்று இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமைக்குள் ஒருமுறை அம்மாவின் கனவில் வா. மாமாவைத் திட்டாதே. "அவ போவட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ, நைனா.

உன் பேசாமடந்தை,
உன் ஒரே மகள்