வடிகட்டிய தண்ணீர்

ஐப்பசி, வியாழன் இரவு

தேர்வாய் கண்டிகை காட்டோரத் தெருவில் இன்று கொசுப்புழு பார்க்கப் போனேன். கடைசி வீட்டுக் குடத்தில் டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்தன. கவிழ்க்கப் போனேன். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொட்டாத மா. டெங்குல போறதுக்கு முன்னாடி எம் பெரிய பொண்ணு புடிச்சி வச்ச தண்ணி. அவ கைபட்டது இது ஒண்ணுதான் கீது.”

கொட்டிவிட்டுக் குடத்தைத் தேய்ப்பதுதான் என் வேலை. மனம் வரவில்லை. துப்பட்டாவில் வடிகட்டி, அதே தண்ணீரை அதே குடத்தில் ஊற்றி மூடினேன். அவர் என்னைக் கும்பிட்டார்.

புழு போய்விட்டது. குடத்தின் உட்புறம் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். எனக்குத் தெரியும். அந்த அம்மாவோ தினமும் மூடியைத் திறந்து பார்ப்பார்.

கிளம்பும்போது அவருடைய சின்னப் பெண் வாசலில் நின்றாள். ஒரு கையால் காலைச் சொறிந்துகொண்டே எனக்கு டாட்டா காட்டினாள்.