அடுப்படிக்குள் வந்த கான்தண்ணி

நம்ம பவளம் அப்பாவுக்கு,

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தங்கச்சியப் பாக்கப் போறேன். ரொட்டி மூடி வச்சிருக்கேன். டீ கேக்காதீங்க, ராத்திரி மழையில அடுப்பே முழுகிப்போச்சு.

தோட்டத்துத் துரையே மெச்சின கான்வெட்டுக்காரரு நீங்க! தேயிலை மலையில மண்ணு கரைஞ்சு ஓடாம இருக்க, மழைத்தண்ணி ஓடுற கானுக்குள்ள மண்தடுப்பு விட்டு வெட்டுறது சரி. வீட்டுப் பின்னால வெட்டுன கானுக்கும் அதே தடுப்பு எதுக்குங்க, தண்ணி தேங்கி வீட்டுக்குள்ள வர்றதுக்கா? அடுப்படியில தேயிலையா நட்டிருக்கோம்? காலையில இதக் கேட்டதுக்கு, "எனக்கே கான் வெட்டச் சொல்லித் தர்றியா?"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிட்டீங்க.

வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுகிட்ட குடுங்க.

மறந்துட்டேன்: மம்பட்டியக் கழுவி வச்சிருக்கேன். தடுப்பெல்லாம் வெட்டி விட்டுட்டேன், தண்ணி நல்லா ஓடுது. லயத்து வீடுகள்ல யாரு கேட்டாலும் நீங்க வெட்டுனதுன்னே சொல்றேன்.