இல்லாத பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

வலது கணுக்கால் பன் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மாடிப்படியில் சறுக்கிவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது வேறு. மச்சினன் காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன லாரி நின்றது. நான் ஓங்கி பிரேக்கை மிதித்தேன். என் பக்கம் ஏது பிரேக்? அது என்னுடைய பயிற்சிக் காரில்தான் உண்டு. கீழே உருண்டு கிடந்த தண்ணீர் பாட்டிலில் கால் விழுந்து, பாதம் உள்பக்கமாகப் புரண்டு, 'டப்' என்று ஒரு சத்தம்.

"மாமா, நான் அப்பவே வண்டிய நிறுத்திட்டேனே," என்கிறான் படுபாவி.

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் இதை வெளியே சொல்ல முடியுமா? அவன் வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

டாக்டர். உட்காரும் முன்பே "ஸ்கேன் எடுத்துடலாம் டாக்டர்" என்றேன். ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டால் நொண்டுவதற்கு ஒரு மரியாதை.

அவர் எலும்பை அங்கங்கே அமுக்கினார். நடக்கச் சொன்னார். முகத்தைச் சுளித்துக்கொண்டு நடந்து காட்டினேன்.

"எலும்புல ஒண்ணுமில்ல. ஸ்கேனுக்கு இப்ப அவசரமும் இல்ல. இந்த வீக்கத்துல கால அசைச்சுப் பார்த்தாக்கூட ஒண்ணும் சரியாப் புரியாது. வீக்கம் வடியட்டும், திங்கக்கிழமை வாங்க. அப்பவும் ஊன முடியலேன்னாலோ, நடக்கும்போது கால் திடீர்னு மடங்கினாலோ எடுத்துப் பார்ப்போம். ஆமா, எப்படி விழுந்தீங்க?"

"படியில."

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஆமா டாக்டர்."

மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மார்ச் 5, வியாழன்

கால் தலையணை மேல். மனசு மனைவியின் டிரைவிங் தேர்வு மேல். மாதக் கடைசியில் நான்காவது முறையாகப் போகிறாள். ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை ஷிப்டுக்கு மேற்பார்வையாளர் வேலை வந்திருக்கிறது; அந்த நேரத்தில் பஸ் ஓடாது. லைசென்ஸ் இல்லையென்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் படித்த வழுக்கைத்தலை, வாய்ப்பேச்சு, தூங்குமூஞ்சி எல்லாம் பாஸ். கட்டினவள் மூன்று முறை ஃபெயில். ஒவ்வொரு முறையும் ஒரே குறைதான்: பிரேக் போடத் தாமதம். எத்தனை தடவைதான் சொல்வது?

மார்ச் 7, சனி

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் டாக்டர்கள். எதிர்வீட்டுக்காரர் "இன்னிக்கே ஸ்கேன் எடுங்க" என்கிறார். அவர் மனைவி "எடுத்தா எதையாவது கண்டுபிடிச்சுடுவாங்க" என்கிறார். இரண்டாவது கட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. வீக்கம் வேறு நன்றாக வடிந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது. டாக்டருக்கு டிமிக்கி கொடுக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

எழுதவே கை கூசுகிறது.

மாணவர் ஒரு கணக்காளர். வண்டியை ஊர்வலம் மாதிரி ஓட்டுவார். பார்க்கிங் ஓரத்தில் குப்பைத்தொட்டி ஒன்றை நோக்கி நேராக, நிதானமாகப் போனார். மிதித்தேன். கணுக்கால் 'நான் வரலை' என்று மடங்கிவிட்டது. உயிர் போகிற வலி. தொட்டி கவிழ்ந்தது. இரண்டு பூனைகள் ஓடின. நல்லவேளை, குறுக்கே மனிதர்கள் யாரும் வரவில்லை. வந்திருந்தால்?

"சார், நீங்க பிரேக் போட்டுடுவீங்கன்னு நினைச்சேன்," என்றார் கணக்காளர், குற்றம் சொல்லும் குரலில்.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டர் இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தார். "இந்தக் கால் ஆட்டம் கொடுக்குது. இப்பத்தான் ஸ்கேனுக்கு நேரம். அதுவரைக்கும் வண்டிப் பக்கமே போகக்கூடாது. உண்மையச் சொல்லுங்க, எப்படித் திரும்பிச்சு?"

சொன்னேன். லாரி, பாட்டில், இல்லாத பிரேக், எல்லாம். டாக்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

"ஏங்க, என் கூட வரும்போதும் இப்படித்தான் முந்திக்கிட்டு மிதிக்கிறீங்களா?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

"அப்ப நான் எப்பங்க பிரேக் போடக் கத்துக்கிட்டேன்?"

மற்றவர்கள் ஓட்டும்போது என் கால் கடைசி நொடி வரைக்கும் பொறுக்கிறது. இவள் ஓட்டும்போது தெருமுனை தெரிந்ததுமே அழுத்திவிடுகிறது. இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்தப் பயம்தான். அதை அவளிடம் சொல்லாமல், பிரேக் போடத் தெரியவில்லை என்று மூன்று முறை திட்டியிருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

ஸ்கேனுக்கு அவள்தான் ஓட்டினாள், மச்சினன் காரில். என் காலில் கெட்டிக் கட்டு. கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். முதல் சிக்னலில் வண்டி கோட்டைத் தாண்டி நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது சிக்னலில் கோட்டிலேயே நின்றது.

ஸ்கேன் மெஷினுக்குள் ஆடாமல் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அது ஒரு விஷயமே இல்லை. வரும் வழியில் அப்படி இருந்ததுதான் பெரும்பாடு.

மார்ச் 14, சனி

ஒரு ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், கட்டும் பயிற்சியும் போதும். எழுத்தில் வந்துவிட்டது. வீட்டில் யாரும் மரியாதை கொடுக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

இன்றும் அவள் ஓட்டினாள். நான் வாயே திறக்கவில்லை. நாக்கைக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

மார்ச் 31, செவ்வாய்

மரத்தடி பெஞ்சில் கட்டுப் போட்ட காலை நீட்டிக் காத்திருந்தேன். தேர்வதிகாரியோடு போய்த் திரும்பி வந்தாள். வண்டி என் முன்னால் அலுங்காமல் நின்றது. அதிகாரி இறங்கி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பிரேக் ரொம்ப நல்லாப் போடுறீங்கம்மா. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவள் என்னைக் காட்டினாள். "இவர்தான் சார், பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தார்."