அந்த வரியை அழித்தது யார்?

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் அலுவலகத்தில் மின்னஞ்சல் கிடையாதாம். எல்லாம் புது இணையத் தளத்தில்தான். ஒரே பக்கத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதலாம், பேசலாம், படம் ஒட்டலாம். வெளியாட்களையும் உள்ளே அழைக்கலாம். “திறந்த தளம்மா, ஒளிவு மறைவே கிடையாது” என்றார் மேனேஜர், தானே பெற்றெடுத்த மாதிரி.

நான் ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த நொடியே எல்லார் திரையிலும் விழுகிறது. தப்பாகத் தட்டி அழிப்பதும்கூட. பதினாறு வருடமாக மெஷின்களுக்குக் கையேடு எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து எழுதி, அடித்து, திருத்தி, அப்புறம்தான் அடுத்தவர் கண்ணில் காட்டுவேன். இனிமேல் குளியலறைக்குக் கதவு வேண்டாம் என்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

“மூடியைத்” என்று அடித்தேன். “திறந்து மகிழுங்கள்” என்று முடித்து வைத்தான் விற்பனைப் பிரிவுப் பையன். எதை எழுதினாலும் இனிப்பு தடவுவதால் அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சர்க்கரை. மாவு பிசையும் மெஷினைத் திறந்து என்னத்தை மகிழ்வது?

மார்ச் 11, செவ்வாய்

இந்தப் புது மாடலில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கொக்கி நிற்கும்; மாவு ஊறட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்து, தானாகவே மறுபடி சுற்றும். எஞ்சினியர் அண்ணன் பெருமையாகச் சொன்னார். நான்காம் பகுதியில் எழுதினேன்: “பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை விடாதீர்கள். நின்ற கொக்கி மறுபடி சுற்றும்.”

சர்க்கரை உடனே என் மேசைக்கே வந்துவிட்டான். “அக்கா, இப்படி பயமுறுத்தினா எவன் வாங்குவான்? கொஞ்சம் மென்மையா சொல்லலாமே.”

“கை போனப்புறம் மென்மையா சொல்லிக்கலாம், போ” என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று பொறுமை போய்விட்டது. சர்க்கரை நான்காம் பகுதிக்குள் புகுந்து “உங்கள் சமையலறையின் செல்லம்” என்று ஆரம்பித்து ஆறு வரி எழுதி வைத்திருக்கிறான், நான் அதே பகுதியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே! அவன் எழுத்து என் எழுத்தைக் கீழே தள்ளித் தள்ளி, நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அவன் உளறலை மொத்தமாகப் பிடித்து ஒரே தட்டில் அழித்தேன். மனசு குளிர்ந்தது.

மார்ச் 19, புதன்

கையேடு நேராக அச்சுக்குப் போய்விட்டது. அச்சுக்கு முன் தாளில் எடுத்து நான் ஒருமுறை படிப்பது வழக்கம். “அதான் எல்லாரும் கூடவே இருந்து பார்த்தோமேம்மா” என்கிறார் மேனேஜர். எல்லாரும் பார்த்தால் யார் பார்த்ததாக அர்த்தம்?

ஏப்ரல் 21, திங்கள்

ஒரு பேக்கரிக்காரம்மா. எங்கள் புது மெஷினைக் கழுவ உள்ளே கை விட்டிருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் முறிந்துவிட்டது. கையேட்டில் போட்டிருந்தபடி பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுத்தான் கை விட்டாராம்.

ஓடிப்போய் அச்சான கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நான்காம் பகுதியில் அந்த வரி இல்லை. இல்லவே இல்லை!

எனக்குத் தெரியும் யார் வேலை என்று. வேறு யாருக்கு அந்த வரி மேல் கண்?

ஏப்ரல் 22, செவ்வாய்

“நான் தொடலக்கா. சத்தியமா தொடல.” சர்க்கரை எத்தனை தடவைதான் சொல்வான்? முகத்தைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வருகிறது. மேனேஜர் வேறு, “கையேடு உன் பொறுப்புதானேம்மா?” என்கிறார். என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். பதினாறு வருடத்தில் என் கையேட்டைப் படித்து ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

வீட்டில் இவரிடம் கொட்டித் தீர்த்தேன். “பார்க்காம யார் மேலயும் பழி போடாத” என்றார். இவரும் அந்தக் கட்சி!

ஏப்ரல் 23, புதன்

எஞ்சினியர் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். அந்தத் தளத்தில் ரீப்ளே பொத்தான் இருக்கிறதாம். பக்கம் பிறந்ததிலிருந்து யார் எதை எழுதினார், எதை அழித்தார் என்று படம் மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். அப்படியா சேதி! நாளைக்கே எல்லாரையும் கூட்டி ஓட்டச் சொன்னேன். “எதுக்கும்மா, போனது போகட்டும்” என்று இழுத்தார் மேனேஜர். நான் விடவில்லை. ஒளிவு மறைவே கிடையாது என்று சொன்னவர் அவர்தானே?

ஏப்ரல் 24, வியாழன்

நான்.

நான்தான்.

பெரிய திரையில், ஒன்பது பேர் முன்னால். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அவனுடைய ஆறு வரியும் நீலத்தில் வருகிறது. அந்த ஆறுக்கும் நடுவில் என் பச்சை வரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு பச்சை அம்புக்குறி வருகிறது, மேலிருந்து கீழ்வரை இழுக்கிறது, ஒரே தட்டு. எல்லாம் போச்சு. நானே என் வரியை அழிச்சிருக்கேன். அதுவும் மனசு குளிர!

சர்க்கரைதான் எழுந்து திரையை அணைத்தான். “நான் குறுக்க வந்ததும் தப்புதான்கா” என்றான். திட்டியிருக்கலாமே பாவி. நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே. அவனிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் அவன் மேசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டபிறகும் வெட்கம் போகவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் தளத்தில் ஒரு பக்கம் திறந்து அழைப்பு அனுப்பினோம். “ஒரு எச்சரிக்கை விடுபட்டுவிட்டது என்று போடும்மா, போதும்” என்றார் மேனேஜர். அப்படித்தான் அடிக்க ஆரம்பித்தேன். “விடுபட்டு” வரை வந்ததும் கை நின்றது. அதென்ன, தானாகவா விடுபட்டது? எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்துவிட்டு, “நான் கவனிக்காமல் அழித்துவிட்டேன்” என்று எழுதினேன். கீழே பிளக் பற்றிய வரியையும் எழுதினேன்.

அப்போது புதிதாக ஒரு ஊதா நிறம் உள்ளே வந்தது. பேக்கரிக்காரம்மா. ஒரு எழுத்து விழுந்தது. வெகுநேரம் கழித்து அடுத்தது. தப்பாக விழுந்ததை அழித்தார், மறுபடி அடித்தார். வலது கையில் கட்டு. இடது கையால் தட்டுகிறார் என்று சொல்லாமலே புரிந்தது. அடுத்த வார்த்தை என்னவென்று தெரிந்தும் ஒருவரும் முடித்து வைக்கவில்லை, சர்க்கரைகூட. ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தோம்.

என்ன திட்டு வரப்போகிறதோ என்று நினைத்தேன்.

“பிளக்கை பிடுங்கிட்டேன். அடுத்து என்ன பண்ணணும்?”

அடுத்ததை எழுதினேன்.